ரெண்டுல எது? - கதவை அறுத்த படகும், வழி திரும்பிய படகும்

பழைய புல்லட்டா, பழைய யெஸ்டியா? பித்தளைக் குடமா, செம்புக் குடமா? இந்தப் பகுதியில் இப்படி ரெண்டு ரெண்டாக நிறுத்திப் பார்ப்பதுதான் வழக்கம். இந்த வாரம் கொஞ்சம் தூரமாகப் போகிறோம். ஒப்பிடப் போவது இரண்டு பழைய ஃபைபர் பாய்மரப் படகுகளை. ஒன்றின் பெயர் பயானத், இன்னொன்றின் பெயர் மின்னேஹாஹா. இரண்டுமே முப்பத்தாறு அடிக்குள் அடங்கும். இரண்டிலும் ஒற்றை ஆள் ஏறி, எங்கும் நிற்காமல் உலகத்தையே சுற்றி வந்திருக்கிறார். அந்த இருவரில் ஒருவர் இந்தியர்.

“எனக்கும் படகுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். இதை எழுதுபவனின் ஊர் மணவூர். திருவள்ளூர் தாண்டி, அரக்கோணம் போகும் மின்சார ரயில் நின்று போகிற ஊர். எங்களுக்கு ஏரிதான் கடல். ஆனால், இந்தக் கதையில் அரக்கோணத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது பின்னால் வரும்.

என்ன பந்தயம் இது?

கோல்டன் குளோப் ரேஸ். 1968-ல் முதன்முதலில் நடந்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். கரை சேர்ந்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள்கள் கழித்து 1969 ஏப்ரலில் இங்கிலாந்து திரும்பினார். தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். அவர் ஓட்டிய ‘சுஹைலி’ என்ற 32 அடி தேக்குப் படகு எங்கே கட்டப்பட்டது தெரியுமா? நம்ம மும்பையில்!

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018-ல் அந்தப் பந்தயத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். விதிகள்தான் சுவாரஸ்யம். புதுப் படகு கூடாது. 1988-க்கு முன்பு வரையப்பட்ட டிசைனாக இருக்க வேண்டும். ஃபைபரில் செய்ததாக இருக்க வேண்டும். நீளம் 32 முதல் 36 அடி. ஒரே அச்சில் குறைந்தது 20 படகுகளாவது வார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது, பணக்காரர் ஒருவர் தனக்கென்று ஸ்பெஷலாகச் செய்துகொண்ட படகு செல்லாது. சாதாரணக் குடும்பங்கள் வாங்கி ஓட்டிய ரகம்தான் வேண்டும். நம்ம கணக்கில் சொன்னால், அம்பாசடர் காரில் மட்டும்தான் ரேஸ் ஓடலாம் என்பது மாதிரி.

ஜி.பி.எஸ் கிடையாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, காகித வரைபடத்தில் பென்சிலால் குறித்து வழி கண்டுபிடிக்க வேண்டும். மழைநீரைப் பிடித்துக் குடிக்க வேண்டும். யார் முன்னால் போகிறார், யார் பின்னால் வருகிறார் என்பது கரையில் இருக்கும் நமக்குத் தெரியும். ஓட்டுபவருக்குத் தெரியாது.

2022 செப்டம்பர் 4-ம் தேதி, பிரான்ஸின் லெ சாப்ல் டொலோன் துறைமுகத்திலிருந்து 16 படகுகள் கிளம்பின. எங்கும் கரை தொடாமல், உதவி வாங்காமல், முழுச் சுற்று முடித்து முதன்மைப் பிரிவில் திரும்பியவை மூன்று. அதில் முதலாவது மின்னேஹாஹா, இரண்டாவது பயானத்.

ஓட்டியவர்கள் யார்?

மின்னேஹாஹாவை ஓட்டியவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அந்தப் பதினாறு பேரில் ஒரே பெண். தென்துருவப் பக்கத்துக் குளிர்க்கடல்களில் படகோட்டி வேலை பார்த்தவர்.

பயானத்தை ஓட்டியவர் அபிலாஷ் டோமி. கேரளத்துக்காரர், இந்தியக் கடற்படை விமானி. 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி, 2013 மார்ச் 31-ல் திரும்பி, தனியாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். அப்போது அவர் ஓட்டியது கோவாவில் கட்டிய ‘மாதேய்’ என்ற கடற்படைப் படகு.

2018 பந்தயத்திலும் அவர் இருந்தார். சுஹைலியின் மறுபதிப்பாகக் கட்டிய ‘துரியா’ என்ற படகில் போனார். செப்டம்பர் 21-ம் தேதி இந்தியப் பெருங்கடலின் தெற்கே பெரும்புயல். படகு உருண்டது, பாய்மரம் முறிந்தது, அபிலாஷின் முதுகெலும்பு நொறுங்கியது. பக்கத்தில் கரை என்று எதுவுமே இல்லாத இடம். எழுந்து நிற்கக்கூட முடியாமல் படகுக்குள்ளேயே கிடந்தார்.

அரக்கோணம் இங்கேதான் வருகிறது. அவரைத் தேடி வானிலிருந்து படகைக் கண்டுபிடித்தது இந்தியக் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம். அந்த வகை விமானங்களின் வீடு அரக்கோணம் ஐ.என்.எஸ் ராஜாளி தளம். எங்கள் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வடாம் காயவைப்பவர்கள் தலைக்கு மேல் கேட்குமே ஒரு சத்தம், அதே விமானம்தான். மொரீஷியஸிலிருந்து பறந்துபோய், மரம் ஒடிந்து தள்ளாடிய துரியாவைப் பார்த்துச் சொன்னது. செப்டம்பர் 24-ல் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ‘ஓசிரிஸ்’ அவரை மீட்டது. பிறகு நம் கடற்படைக் கப்பல் ‘சாத்புரா’ விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

முதுகில் டைட்டானியம் கம்பிகள் வைத்துத் தைத்தார்கள். மறுபடி நடக்கப் பழகினார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். நான்கு வருடம் கழித்து அதே பந்தயத்துக்கு மறுபடி பெயர் கொடுத்தார். அதற்காக அவர் தேர்ந்தெடுத்த படகுதான் பயானத்.

இப்போது படகுகளுக்கு வருவோம்

பயானத், ‘ரஸ்லர் 36’ என்ற ரகம். இங்கிலாந்தின் ஹோல்மன் அண்ட் பை நிறுவனத்தின் டிசைன். 1980-களில் வந்தது. நீளம் 35 அடி 4 அங்குலம். எடை ஏறத்தாழ 7.6 டன்.

மின்னேஹாஹா, ‘கேப் ஜார்ஜ் 36’ ரகம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்சென்ட் பக்கம் பிறந்தது. நீளம் 36 அடி. அதற்கு மேல், யானைத் தந்தம் மாதிரி மூக்கிலிருந்து ஒரு மரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கூடுதல் பாய் கட்டுவதற்கு. எடை சுமார் 10.6 டன்.

எவ்வளவு பெருசு என்று கற்பனை செய்ய வேண்டுமா? நம் சென்னை மின்சார ரயில் பெட்டியைப் பாதியாக வெட்டுங்கள். நீளம் சரியாக இருக்கும். அகலம் ரயில் பெட்டியைவிடக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். அதற்குள் சமையல், தூக்கம், எட்டு மாத மளிகை, எல்லாம்.

நீளம் கிட்டத்தட்ட ஒன்று, எடையில் மட்டும் 3 டன் வித்தியாசம். இந்த ஒரு வித்தியாசம்தான் மூன்று சுற்றிலும் பேசப்போகிறது.

சுற்று 1: பந்தயம்

கனமான படகு மெதுவாகத்தானே போகும்? அப்படித்தான் நாமும் நினைப்போம். 2018 பந்தயத்தில் முதலிடம், இரண்டாமிடம் இரண்டுமே ரஸ்லர் 36-க்குத்தான். முதலிடம் பிடித்த ஜான்-லுக் வான் டென் ஹீடுக்கு அப்போது வயது 73! ஆகவே, 2022-ல் ரஸ்லர்தான் ‘ராசியான’ படகு.

கிர்ஸ்டன் வேறு கணக்குப் போட்டார். படகின் மொத்த நீளத்தைவிட, தண்ணீரைத் தொடும் நீளம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். படகு முன்னேறும்போது தானே ஓர் அலையை உருவாக்குகிறது. அந்த அலையின் நீளத்துக்குள் அது மாட்டிக்கொள்கிறது. தண்ணீர்க்கோடு நீளமாக இருந்தால் அலை நீளம், அலை நீளமாக இருந்தால் வேகம் அதிகம். இதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. தண்ணீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும்.

ரஸ்லருக்குத் தண்ணீர்க்கோடு சுமார் 27 அடி. முன்னும் பின்னும் அழகாக வளைந்து மேலே ஏறிவிடுகிறது. கேப் ஜார்ஜ் நட்டுக்குத்தலாக இறங்குவதால் 31 அரை அடி. கணக்குப் போட்டால் ரஸ்லருக்கு 7 நாட்டுக்குக் கொஞ்சம் கீழே, கேப் ஜார்ஜுக்கு ஏழரை. நல்ல காற்றடிக்கும் நாளில், 24 மணி நேரத்தில் சுமார் 13 கடல் மைல் வித்தியாசம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், கிட்டத்தட்ட 24 கி.மீ. அரக்கோணத்திலிருந்து மணவூர் தாண்டி வந்துவிடலாம்!

ஆனால், தினமும் நல்ல காற்று அடிக்காது. காற்றே இல்லாத பூமத்தியரேகைப் பக்கம் எடை ஒரு பாரம். மின்னேஹாஹா அட்லாண்டிக்கில் திரும்பி வரும்போது காற்று செத்த பகுதியில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பயானத் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. இங்கே அபிலாஷ் முதல், அங்கே கிர்ஸ்டன் முதல் என்று இணையத்தில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கமே இல்லை.

கடைசியில் 2023 ஏப்ரல் 27-ல் கிர்ஸ்டன் கோட்டைத் தாண்டினார். அதன்பிறகுதான், தான் ஜெயித்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. ஏப்ரல் 29-ல் அபிலாஷ். சுமார் 235 நாள் ஓட்டத்தில், கோட்டைத் தாண்டிய இடைவெளி இரண்டு நாளுக்கும் குறைவு.

தீர்ப்பு: மயிரிழையில் மின்னேஹாஹா.

சுற்று 2: நெடும்பயணம்

ஊர் ஊராக, நாடு நாடாகச் சாவகாசமாகப் போவதை ‘க்ரூஸிங்’ என்கிறார்கள். இதற்கு வேகம் இரண்டாம்பட்சம். கெட்டுப்போனால் நாமே சரி செய்துகொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

இரண்டு படகுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. அடியில் நீளமாக ஓடும் ஏரா, அதன் பின்முனையோடு ஒட்டிய சுக்கான். இன்றைய பந்தயப் படகுகளில் ஏரா கத்தி மாதிரி மெல்லியதாக, சுக்கான் தனியாகத் தொங்கும். வேகம் கிடைக்கும். ஆனால், மிதக்கும் மரக்கட்டையோ மீன்வலையோ மாட்டினால் போச்சு. பழைய ஏரா படகு அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். சொன்ன திசையில் நேராகப் போகும் குணமும் அதற்குத்தான் அதிகம்.

தனி ஆளாகப் போகும்போது தூங்க வேண்டுமே? அப்போது சுக்கானைப் பிடிப்பது ‘விண்ட் வேன்’. காற்றின் திசையை ஒரு தகடு உணர்ந்து, தண்ணீரில் தொங்கும் துடுப்பு வழியாகப் படகைத் திருப்பும் எளிய இயந்திரம். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஆனால், அது உடைந்தால் தூக்கம் போச்சு. இந்தப் பந்தயத்தில் பலரின் கனவை உடைத்ததே இந்தக் கருவிதான். கேப் ஹார்னை நெருங்கும்போது முன்னிலையில் இருந்த பிரிட்டன்காரர் சைமன் கர்வன், இது உடைந்ததால்தான் கரை ஒதுங்க வேண்டி வந்தது.

பயானத்திலும் உடைந்தது. மாற்றுப் பாகங்கள் தீர்ந்ததும் அபிலாஷ் சுற்றுமுற்றும் பார்த்தார். கழிவறைக் கதவு கண்ணில் பட்டது. அதை அறுத்தார். அதிலிருந்து கருவிக்கு வேண்டிய பலகையைச் செய்துகொண்டார். தனியாக இருக்கும் ஆளுக்குக் கழிவறைக் கதவு எதற்கு என்பதும் நியாயமான கேள்விதானே!

முதுகில் கம்பியோடு இருப்பவர், ஆடும் படகில் ரம்பம் பிடித்து அறுப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவருக்கு வாகாக இருந்தது படகின் அளவு. 7.6 டன் படகின் பாயும் கயிறும், 10.6 டன் படகின் பாயையும் கயிற்றையும்விட லேசு. இழுப்பது, சுருட்டுவது, இறக்குவது எல்லாம் ஒற்றை ஆளின் தோளுக்குள் அடங்கும். மின்னேஹாஹாவின் பெரிய பாய்களுக்கும், மூக்கில் நீளும் மரத்தின் முனை வரை போய் வேலை பார்ப்பதற்கும் கிர்ஸ்டன் மாதிரி தேகபலம் வேண்டும்.

தீர்ப்பு: கணவன் மனைவி இருவராகப் போகும் பயணம் என்றால், பயானத் ரகம்.

சுற்று 3: குடித்தனம்

படகையே வீடாக்கி வாழ்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வாடகை இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. ஆனால், இடமும் இல்லை.

இங்கே அந்த 3 டன் கூடுதல் எடை வரமாகிறது. கனமான, தண்ணீர்க்கோடு நீண்ட படகில் அரிசி மூட்டை, தண்ணீர், கருவிப்பெட்டி, புத்தகம் என்று ஏற்றினாலும் அதன் நடை அவ்வளவாக மாறாது. லேசான படகில் நூறு கிலோ ஏற்றினாலே கணக்குப் பார்க்க வேண்டும். அலையில் ஆடும்போதும் கனமான படகு மெதுவாக ஆடும், வெடுக்கென்று ஆடாது. அடுப்பில் பால் வைத்திருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால், பெரிய வீட்டுக்குப் பெரிய செலவு. துறைமுகத்தில் நிறுத்தப் பெரும்பாலும் அடிக்கணக்கில் வாடகை. நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு மரத்தையும் சேர்த்து அளப்பார்கள். பாய், கயிறு, நங்கூரம் எல்லாமே ஒரு சைஸ் கூட.

தீர்ப்பு: குடியிருக்க மின்னேஹாஹா. கையிருப்பு இருந்தால்.

பழைய ஃபைபரை நம்பலாமா?

நம் கடற்கரைக்கு ஃபைபர் புதுசு இல்லை. கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று வரிசையாக நிற்பது ஃபைபர் போட்டுதான். 2004 சுனாமிக்குப் பிறகு அது இன்னும் வேகமாகப் பெருகியது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போலவே அதுவும் துருப்பிடிக்காது, செல்லரிக்காது. அதனால்தான் 30, 40 வருடப் படகுகள் இன்றும் ஓடுகின்றன.

ஆனால், பழைய படகு வாங்குபவர்கள் மூன்று இடங்களைப் பார்க்காமல் விட மாட்டார்கள்.

முதலாவது, அடிப்பகுதியில் கொப்புளம். வருடக்கணக்கில் தண்ணீர் மேல்பூச்சு வழியாக ஊறி, உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களோடு சேர்ந்து கொப்புளம் கட்டும். ஒன்றிரண்டு என்றால் வைத்தியம் உண்டு. உடம்பெல்லாம் என்றால் செலவு எகிறும்.

இரண்டாவது, மேல்தளம். இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே மரமோ பலகையோ வைத்திருப்பார்கள். ஒரு திருகாணி வழியாகத் தண்ணீர் இறங்கினாலும் உள்ளே மரம் மக்கிவிடும். சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பார்ப்பார்கள். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே மாதிரி! ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, இரும்பு. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளும், அவை படகோடு சேரும் பட்டைகளும். ஃபைபருக்கு வயதாவதற்குள் இவற்றுக்கு வயதாகிவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். அதனால் உலகைச் சுற்றக் கிளம்புபவர்கள் முதலில் மாற்றுவது இந்தக் கம்பிகளைத்தான்.

இதையெல்லாம் பார்த்தும் கடல் ஒரு கேள்வியை மிச்சம் வைக்கும். 2022 நவம்பர் 18-ம் தேதி, தென் இந்தியப் பெருங்கடலில், அதே பந்தயத்தில் ஓடிய ‘ஆஸ்டீரியா’ என்ற ஃபைபர் படகு சில நிமிடங்களில் மூழ்கியது. அதை ஓட்டிய ஃபின்லாந்துக்காரர் டாபியோ லெஹ்டினன் அனுபவசாலி. உயிர்காப்பு மிதவையில் ஏறி, அபாய சிக்னலை இயக்கினார். பிறகு காத்திருந்தார்.

அருகில் இருந்த படகு மின்னேஹாஹா. ‘அருகில்’ என்றால் சுமார் நூறு கடல் மைல். பந்தயத்தில் முன்னணிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிர்ஸ்டன், செய்தி கிடைத்ததும் படகைத் திருப்பினார். இரவு முழுக்க ஓட்டினார். விடிந்ததும் அந்தப் பெரிய அலைகளுக்கு நடுவே சின்ன மிதவையைத் தேடிக் கண்டுபிடித்தார். டாபியோவைத் தன் படகுக்கு ஏற்றி, ஒரு கோப்பை ரம் கொடுத்தார். பிறகு அந்த வழியே வந்த ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பலில் அவரை ஏற்றிவிட்டு, தன் வழியில் போனார்.

இதற்காகச் செலவான நேரத்தைப் போட்டிக்குழு கழித்துக் கொடுத்தது. மூன்று முனைகளையும் கடந்து, தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஜெயித்த முதல் பெண் என்ற பெயர் கிர்ஸ்டனுக்குக் கிடைத்தது. டாபியோவுக்கு உயிர் கிடைத்தது.

நம்ம ஊரில் யார் இருக்கிறார்கள்?

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு என்று நினைத்தால் தப்பு. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன், சென்னைக்காரர். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டிய விஷ்ணு சரவணன் பிறந்தது வேலூரில். கடலே இல்லாத வேலூர்! மணவூர்க்காரர்களுக்கு இதைவிட என்ன தைரியம் வேண்டும்?

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டின் தில்னாவோடு சேர்ந்து ‘தாரிணி’ படகில் 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பினார். நான்கு துறைமுகங்களில் நின்று, உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். தாரிணியும் கோவாவில் கட்டியதுதான். நடுவில் மரம், மேலே ஃபைபர்.

அப்போ, ரெண்டுல எது?

பந்தயத்துக்கும் குடித்தனத்துக்கும் மின்னேஹாஹா, இருவர் பயணத்துக்கு பயானத். இரண்டுக்கு ஒன்று என்று மின்னேஹாஹாவுக்கே கப்.

ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினாறு பேரில் மற்ற ரஸ்லர்களும் இருந்தன. அதே அச்சு, அதே கம்பி. எல்லாம் கரை சேரவில்லை. கதவை அறுக்கத் தோன்றியவர் சேர்ந்தார். ஆக, பழைய பொருள் வாங்கும்போது விலையையும் நிலைமையையும் விசாரிப்பதோடு, நாம் ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டத் தயாரா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. படகுக்கு மட்டுமில்லை, பழைய ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும்.

உங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்கும் பொருள் எது? கிரைண்டரா, சைக்கிளா, தையல் மெஷினா? அது நின்றுபோன ஒரு நாளில் எதை அறுத்து, எதை ஒட்டி ஓட வைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த ‘ரெண்டுல எது?’ உங்கள் பொருளாகவும் இருக்கலாம்.